கொழும்பில் மூழ்கியது ஹெர்மிஸ் அல்ல

கேள்வி: என் அம்மப்பா 1942-இல் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று கண்ணெதிரே மூழ்கியது என்பார். அது ‘ஹெர்மிஸ்’ என்கிறார்கள் வீட்டில். சரியா? எங்கே தேடிப் பார்க்கலாம்?

பதில்: ஹெர்மிஸ் இல்லை. அது விமானந்தாங்கிக் கப்பல். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இந்தக் குழப்பம் பல குடும்பங்களில் உண்டு.

அந்த ஞாயிறு, ஏப்ரல் 5 அன்று, கொழும்புத் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ‘டெனெடோஸ்’ என்ற நாசகாரி, அதாவது வேகமான சிறு போர்க்கப்பல். மற்றது ‘ஹெக்டர்’, பீரங்கி பூட்டிய பெரிய வணிகக் கப்பல். அம்மப்பா சொன்னது பற்றியெரிந்த பெரிய கப்பல் என்றால் ஹெக்டர். சின்ன, ஒல்லியான போர்க்கப்பல் என்றால் டெனெடோஸ். வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

தாக்குதல் வரும் என்று தெரிந்து, நகரக்கூடிய கப்பல்களை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டார்கள். டெனெடோஸ் பழுதுபார்ப்பில் இருந்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டது. 1918-இல் கடலில் இறக்கிய பழைய கப்பல் அது. 1941 டிசம்பரில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற பெருங்கப்பல்களுக்குத் துணையாகச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய நான்கு நாசகாரிகளில் ஒன்று. எரிபொருள் போதாது என்று 9-ஆம் தேதி மாலை திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் ஜப்பான் விமானங்கள் அதன்மேலும் குண்டு போட்டன, ஒன்றும் படவில்லை. அந்த இரண்டு பெருங்கப்பல்களும் அன்றே மூழ்கின. நடுக்கடலில் தப்பிய கப்பல் துறைமுகத்தில் அசைய முடியாமல் அழிந்தது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

சரி, ஆவணங்கள். இறந்த கடற்படையினரின் பெயர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தேடலில் தேதியையும் கப்பல் பெயரையும் கொடுங்கள். கடற்படை அறிக்கைகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ‘அட்மிரால்டி’ (அந்நாளைய பிரிட்டிஷ் கடற்படைத் துறை) தொகுப்பில் இருக்கின்றன. அப்புறம், கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்த வார வீரகேசரி, தினகரன் இதழ்களைக் கேட்டுப் பாருங்கள். போர்க்காலத் தணிக்கை இருந்ததால் கப்பல் பெயரை அதில் எதிர்பார்க்க வேண்டாம். அன்று ஊர் எப்படி இருந்தது என்பதற்காகப் படியுங்கள்.