பச்சை குவார்ட்ஸுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

சுத்தமான குவார்ட்ஸ் நிறமற்றது. அசல் ஸ்படிக மாலையில் கோர்ப்பதும் அதே கனிமம்தான். அப்படியிருக்க, கிரேக்கத்தின் செரிஃபோஸ் தீவில் கிடைப்பது மட்டும் கீரைப் பச்சையாக இருப்பது ஏன் என்று கேட்கிறீர்கள்.

அங்கே பூமிக்கடியில் கொதிக்கும் பாறைக்குழம்பு சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்தது. சூடான நீரில் கரைந்திருந்த சிலிக்கா, அதாவது குவார்ட்ஸின் மூலப்பொருள், நீர் ஆற ஆற, வெடிப்புகளின் சுவரில் படிந்து அறுபட்டைப் படிகமாக வளர்ந்தது. அதே இடத்தில் உருவான ஹெடன்பெர்கைட் என்ற இரும்புக் கனிமத்தின் ஊசிகளையும் வளரும்போதே உள்ளே வாங்கிக்கொண்டது. லென்ஸில் பாருங்கள், மயிரிழை ஊசிகள் தெரியும். பச்சை அவற்றுடையது! எனக்கு மிகப் பிடித்த குவார்ட்ஸ் இதுதான்.

கடைகளில் வெட்டித் தீட்டி விற்கும் வெளிர்பச்சைக் கல் வேறு. பெரும்பாலும் அது செவ்வந்திக்கல் என்ற ஊதா குவார்ட்ஸை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கிப் பெற்றது, வாங்குமுன் கேளுங்கள்.