திருகோணமலை வீட்டு முற்றத்துக்கு எந்த ரோஜா?

உப்புவெளியில் கடற்கரைக்கு அருகே புது வீட்டுக்குக் குடிவந்திருப்பதாகவும், முற்றத்தில் நான்கைந்து ரோஜாக் கன்றுகள் வைக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த வகை நல்லது என்பது உங்கள் கேள்வி.

கடையில் விரிந்திருக்கும் பூவைப் பார்த்துக் கன்றைத் தெரிவு செய்யாதீர்கள். நுவரெலியாக் குளிரில் உள்ளங்கை அகலத்துக்கு மலரும் ரோஜா, நம் ஊரில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் பாதியாகச் சுருங்கி, இதழோரம் கருகிவிடும். வைகாசி முதல் ஆவணி வரை அந்த அனல் காற்று, ஐப்பசியில் இருந்து தை வரை மாரி மழை. இரண்டையும் தாங்கும் செடிதான் இங்கே நிலைக்கும்.

அதனால் நான் முதலில் சொல்வது பன்னீர் ரோஜாவை. எட்வேர்ட் ரோஜா என்றும் இதை அழைப்பார்கள். சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து, இந்து சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் தீவில் உருவான இனம் என்பார்கள். வெப்பமும் கடற்காற்றும் அதற்குப் புதியவை அல்ல. எங்கள் கிணற்றடியில் நிற்கும் செடி, அயல்வீட்டு மாமி ஒரு மாரியில் ஒடித்துத் தந்த தடியில் இருந்து வந்தது. பென்சில் பருமனில் ஒரு சாண் நீளத் தடி. கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்த சாடியில் ஊன்றினேன். ஆறு வாரத்தில் வேர் பிடித்துவிட்டது. பூ விடியற்காலையில் விரியும். மாலைக்குள் இதழ் தளர்ந்துவிடும். பூச்சாடியில் வைத்து அழகு பார்க்க இது உதவாது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் சாமிப் படத்துக்குப் பறிக்கும்போது கையில் ஒட்டும் மணம் குளித்த பிறகும் போவதில்லை. மணமில்லாத ரோஜாவை வளர்ப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

உங்களுக்கு நிறமும் நிறையப் பூவும்தான் வேண்டும் என்றால் புளோரிபண்டா வகைகளைப் பாருங்கள். ஒரே கொத்தில் பல பூக்கள் வரும். நான்கு வாடினாலும் செடி வெறுமையாகத் தெரியாது. 1958 இல் ஜெர்மனியில் இருந்து வந்த வெள்ளை ஐஸ்பேர்க் வெயிலை நன்றாகத் தாங்குகிறது. மாரியில் மட்டும் அதன் இலைகளில் கரும்புள்ளி விழும். இலை ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தாலே அதற்குக் காரணமான பங்கசு (பூஞ்சை) தொற்றிவிடும். ஆகவே கன்றுகளை நெருக்கி நடாமல் மூன்றடி இடைவெளி விடுங்கள். விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். இடம் குறைவென்றால் பட்டன் ரோஜா சாடியிலேயே சந்தோஷமாக இருக்கும்.

நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாக வரும் ஹைபிரிட் டீ எல்லோருக்கும் ஆசைதான், எனக்கும் ஆசைதான். மஞ்சளில் இளஞ்சிவப்பு ஓரம் வைத்த பீஸ் ரோஜாவை யாரால் மறுக்க முடியும்? 1945 இல், உலகப் போர் முடிகிற நேரத்தில், சமாதானம் என்று பெயரிட்டு வெளியிட்ட பூ அது. 1942 சித்திரையில் ஜப்பானிய விமானங்களின் குண்டு விழுந்த நம் ஊரில் அந்தப் பெயருக்குத் தனிப் பொருள் உண்டு. ஆனால் ஒன்றோடு நிறுத்துங்கள். அதையும் பெரிய சாடியில் வையுங்கள், கச்சான் வரும்போது நிழலுக்கு நகர்த்தலாம்.

ஒட்டுக்கன்று, அதாவது வேறொரு ரோஜாவின் அடித்தண்டில் ஒட்டி வளர்த்த கன்று, வாங்கினால் ஒட்டுக்குக் கீழே அந்த அடித்தண்டில் இருந்து கிளம்பும் தளிரைக் கிள்ளாமல், அடியோடு பிய்த்து எடுங்கள். நான் ஒருமுறை செழிப்பான தளிர் என்று நம்பி விட்டுவைத்தேன். எட்டு மாதத்தில் நான் வாங்கிய சிவப்பு ரோஜா மடிந்து, பூவே இல்லாத முட்கொடி மட்டும் மதிலில் ஏறி நின்றது. அன்று பட்ட வேதனை இன்னும் இருக்கிறது.

இடத்தையும் யோசியுங்கள். கச்சான் மேற்கில் இருந்து வருகிறது. வீட்டின் கிழக்குப் பக்கத்தில் நட்டால் காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், பிற்பகல் அனலைச் சுவர் மறைக்கும். கோடை முற்றும்போது கடலோரக் கிணறுகளில் உவர் ஏறும். இலையின் விளிம்பு மட்டும் தீய்ந்தது போல் பழுப்பாக மாறினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அந்த நாட்களில் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். வேரடியில் தேங்காய்த் தும்பு பரப்பினால் மணல் சீக்கிரம் காயாது. அதே கோடையில் இலை மங்கி நரைத்தால், அதன் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். தாளில் தூசி போல் விழுந்தவை நகர்ந்தால் அது செஞ்சிலந்தி, இலைச் சாற்றை உறிஞ்சும் சிற்றுண்ணி. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மூன்று நான்கு நாள் கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கத்தரிப்பதை மழை ஓய்ந்த பிறகு, தை முடிவில் செய்யுங்கள். ஆறேழு வாரத்தில், பங்குனியில் பூ நிறைந்துவிடும்.

நான்கு கன்றுகள்தான் என்றால் இரண்டு பன்னீர், ஒரு ஐஸ்பேர்க், சாடியில் ஒரு பீஸ். பன்னீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கார்த்திகை மழைக்குத் தடி ஊன்றலாம். அயலில் யாருடைய வளவில் அது நிற்கிறது என்று இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.