பழைய லேத்தும் வின்செஸ்டரும்

கேள்வி: ஐயா, கோவையில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். எல்லாம் அப்பா காலத்து லேத், மில்லிங் மிஷின்கள். மகன் கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மிஷின் வாங்கச் சொல்கிறான். வின்செஸ்டர் துப்பாக்கி கம்பெனியே பழைய முறையைக் கைவிட்டதால்தான் கெட்டது என்று படித்ததைச் சொன்னால் சிரிக்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: மிஷின் விஷயத்தில் உங்கள் மகன் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சிரித்திருக்க வேண்டாம்.

நீங்கள் படித்தது, 1964இல் வின்செஸ்டர் செய்முறையை மாற்றிய கதை. அதற்கு முன் செய்த மாடல் 70 ரைபிளை ‘ப்ரீ-64’ என்று கேட்டு, கூடுதல் விலை கொடுத்து அமெரிக்காவில் இன்றும் வாங்குகிறார்கள். ஆனால் சீக்கு அதற்கு முன்பே பிடித்துவிட்டது.

மாடல் 70 வந்தது 1936இல். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் ஓடுகிற நடு உடலான ரிசீவரை, அடித்து வடித்த எஃகுக் கட்டியிலிருந்து செட்டிங் மாற்றி மாற்றிக் குடைந்தெடுப்பார்கள். 1948இல் போட்டிக் கம்பெனியான ரெமிங்டன் மாடல் 721 ரைபிளை இறக்கியது. அதன் ரிசீவர் உருளை. லேத்தில் கடைந்தாலே பாதி வேலை தீர்ந்தது. பின்னுதைப்பைத் தாங்கும் லக்கை வின்செஸ்டர் உடலோடு சேர்த்தே குடைந்தது. ரெமிங்டன் அதைத் தனித் தகடாக அடித்து, குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே வாஷர் மாதிரி வைத்து இறுக்கிவிட்டது. பட்டறைக்காரர் உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? விலை குறைவு, குறியும் தப்பவில்லை. 1950இல் வந்த ரெமிங்டன் 870 ஷாட்கன், வின்செஸ்டரின் மாடல் 12ஐயும் இப்படித்தான் சாய்த்தது.

கூலி ஏற ஏற, வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் பதறிப்போய் 1964இல் ஒரேயடியாகக் கை வைத்தார்கள். சுத்தியல் மிஷினில் குழல் வடித்தது நல்ல மாற்றம்தான், ஆனால் அது யார் கண்ணில் பட்டது? பிடிமானத்துக்காகத் துப்பாக்கியின் மரக்கட்டையில் கையால் செதுக்கிய வைரக்கட்டங்களுக்குப் பதிலாக அச்சு வைத்து அழுத்தினார்கள். மேடாக நிற்க வேண்டிய கட்டம் பள்ளமாக விழுந்தது. தோட்டாவைக் கவ்வி இழுக்கும் நீள நகம் போயிற்று. மாடல் 94 ரைபிளில் தோட்டாவைத் தூக்கும் பாகம் தகடாயிற்று. வாங்குகிறவன் கடையில் முதலில் தடவிப் பார்ப்பதே இதையெல்லாம்தான்!

1981இல் ஆலை ஊழியர்கள் கைக்குப் போனது. பிறகு திவால். 1992இல் அந்த நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தும், 2006இல் நியூ ஹேவன் ஆலைக்குப் பூட்டு விழுந்தது.

சரி, உங்கள் பட்டறைக்கு வருவோம். ஒரு வாரம், ஒவ்வொரு ஜாப்பிலும் அரம் பிடிக்க எத்தனை நிமிடம் போகிறது என்று நோட்டில் எழுதுங்கள். எந்த வேலைப்பாட்டுக்காக பார்ட்டி உங்களையே தேடி வருகிறாரோ, அதில் கை வைக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் ஜாப்புக்கு மட்டும் ஒரே ஒரு சி.என்.சி., அதுவும் கையில் ஆர்டர் இருக்கும்போதே வாங்குங்கள். அப்பாவின் லேத்தைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒற்றை பீஸ் ரிப்பேர் வந்தால் அதுதான் தோது.