தலை சாய்வது வலப்பக்கம், முகம் திரும்புவது இடப்பக்கம்: குறை எந்தப் பக்கம்?

கேள்வி: இரண்டரை மாதமான என் மகனின் தலை எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது, முகமோ இடப்பக்கம்தான் திரும்புகிறது. மருத்துவர் 'வலப்பக்க டார்ட்டிகோலிஸ்' என்று எழுதியிருக்கிறார். அவன் இடப்பக்கமே பார்ப்பதால் குறையும் அங்கேதான் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. உரம் விழுந்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்டி எடுத்துவிடலாம் என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மருத்துவர் எழுதியதே சரி. டார்ட்டிகோலிஸ் என்பது கழுத்துத் தசை ஒன்று சுருங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும் குறை. சுருங்கிய தசை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தின் பெயரால்தான் இக்குறையைக் குறிப்பிடுகிறோம். மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் தொடங்கி, கழுத்தின் பக்கவாட்டில் சரிவாக ஏறி, காதுக்குப் பின்னுள்ள எலும்பில் சேரும் தசை ஒன்று நம் எல்லோருக்கும் இருபுறமும் உண்டு. வலப்பக்கத் தசை சுருங்கினால் வலது காது வலது தோளை நோக்கி இறங்கும். காதின் பின்புறம் முன்னோக்கி இழுபடுவதால் முகவாய் இடப்பக்கம் திரும்பிவிடும். கண்ணாடி முன் நின்று உங்கள் முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கழுத்தின் வலப்பக்கத்தில் கயிறுபோல் புடைத்தெழுவது இந்தத் தசைதான்.

கருப்பையில் இடநெருக்கடியோடு வளர்ந்த குழந்தைகளிடமும், கால் முன்வரப் பிறந்த குழந்தைகளிடமும் இதைக் கூடுதலாகக் காண்கிறோம். சிலருக்குப் பிறந்த சில வாரங்களில் அந்தத் தசையில் சிறு கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படும்; அது புற்றுநோய்க் கட்டி அன்று, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகக் கரைந்துவிடும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

உங்கள் மாமியாரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் சேலையில் உருட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள் என்று உங்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சுருங்கிய தசை உருட்டுவதால் நீளாது. அரிதாகச் சில குழந்தைகளுக்குக் கழுத்தெலும்புகளே பிறவியில் சரியாக உருவாகாததால் தலை சாய்ந்திருக்கும், அவர்களை உருட்டினால் தண்டுவடமே பாதிக்கப்படலாம்.

தேவைப்படுவது பொறுமையான பயிற்சி. தலையை மென்மையாக இடது தோள்பக்கம் சாய்ப்பதையும், முகவாயை வலது தோளை நோக்கித் திருப்புவதையும் இயன்முறை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு, நாள்தோறும் பலமுறை செய்யுங்கள். அவன் தானாக வலப்பக்கம் திரும்பும்படி கிலுகிலுப்பையையும் உங்கள் குரலையும் அந்தப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும்போது உங்கள் கண்பார்வையில் குப்புறப் படுக்க வையுங்கள். ஒரே பக்கம் பார்த்துப் படுப்பதால் பின்னந்தலையின் இடப்பக்கம் தட்டையாவதும் இதனால் குறையும். மூன்று மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்கிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பயிற்சி மட்டுமே போதுமானதாகிவிடுகிறது. ஒரு வயதுக்குப் பிறகும் கழுத்து இறுக்கமாகவே இருந்தால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்போம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இக்குறையுள்ள குழந்தைகள் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருப்பதுண்டு என்பதால், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது இடுப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.