பைக்கை விற்றாச்சு, ஆர்சி இன்னும் என் பெயரில். விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நியாயமான காரணம்தான்: வண்டி எத்தனை கை மாறியது என்று அடிபட்டவர் தேடி அலையக் கூடாது. வீட்டை விற்ற பிறகும் மின் இணைப்பு உங்கள் பெயரிலேயே இருந்தால் பில் உங்களுக்குத்தானே வரும்? ஓட்டியவர் மீது வழக்கு, நஷ்டஈட்டு நோட்டீஸ் உங்களுக்கு. இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் முழுத் தொகையும் உங்கள் தலையில்.

பெங்களூர் அல்சூர் சிக்னல் கேமராவில் புது ஆள் ஹெல்மெட் இல்லாமல் சிக்கினாலும் அபராதம் உங்கள் பெயருக்கே.

பெங்களூருக்குள் விற்றால் 14 நாளில், வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ ஆர்டிஓவில் கொடுத்துவிடுங்கள். மாநிலம் தாண்டி ஓசூர்க்காரருக்கு என்றால் தடையில்லாச் சான்றும் வேண்டும், 45 நாளுக்குள்.

முத்திரைத்தாளில் ‘இனி எனக்குப் பொறுப்பில்லை’ என்று எழுதி வாங்கினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது விற்றவர், வாங்கியவர் இருவருக்குள் மட்டும்தான், அடிபட்டவரைக் கட்டுப்படுத்தாது.