தரமணிக்காரங்க எத்தனை பேப்பர் போட்டாங்க?

கேள்வி: தரமணி மேட்சயின்ஸ்ல (கணித அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம்) கணிதம், பிசிக்ஸ் ரெண்டும் பண்றாங்க. 1962-ல ஆரம்பிச்ச இடம். ஆனா பேப்பர் எண்ணிக்கை, அதை மத்த பேப்பர்ங்க மேற்கோள் காட்டுற சைட்டேஷன் எண்ணிக்கைன்னு பார்த்தா தனியார் யுனிவர்சிட்டிங்க எங்கயோ தாண்டிப் போயிட்டாங்களே, நம்ம வரிப்பணம் வேஸ்ட்தானே?
- வரி கட்டுறவன், குரோம்பேட்டை

பதில்: முதல்ல ஒரு கணக்கு, அது தரமணிக்குத்தான் வந்து சேரும். 79-ஐ எடுத்துக்கோங்க சார். அதை நாலாம் அடுக்கு எண்களாலயே (ஒரு எண்ணை நாலு தடவை எழுதிப் பெருக்கினா வர்றது) கூட்டி எழுதணும். 3-ஓட நாலாம் அடுக்கு 81, தாண்டிடுச்சு, அப்போ கையில இருக்கறது 16-ம் 1-ம்தான், நாலு 16, பதினஞ்சு 1, ஆக 19 வேணும். எந்த எண்ணா இருந்தாலும் 19-க்குள்ள அடங்கிடும்னு வேரிங்ங்கிற இங்கிலீஷ் கணித மேதை 1770-ல நிரூபிக்காம சொல்லிட்டுப் போயிட்டார், அதை 1986-லதான் முடிச்சாங்க. முடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் ஆர். பாலசுப்பிரமணியன், பின்னாடி தரமணிக்கே டைரக்டரா இருந்தவர், மத்த ரெண்டு பேர் பிரெஞ்சுக்காரங்க. சைட்டேஷன் பார்வையில இது நஷ்ட வியாபாரம், கேள்வியே க்ளோஸ் ஆயிட்டா அதுமேல யார் பேப்பர் எழுதுவாங்க? பாதில விட்டிருந்தா சைட்டேஷன் கூடவே வந்திருக்கும்!

அப்புறம் பிசிக்ஸையும் கணிதத்தையும் கூட்டி ஒரே நம்பரா சொல்றது சரியா வராது. 2015-ல ஜெனீவா பக்கத்துல இருக்கற செர்ன் துகள் ஆராய்ச்சிக் கூடத்துல இருந்து ஹிக்ஸ் துகள் நிறை பத்தி ஒரு பேப்பர் வந்துச்சு, 5,154 பேர் பேரு, 33 பக்கத்துல 24 பக்கம் அந்தப் பேரும் அவங்க வேலை பார்க்கிற இடமும்தான். கணிதத்துல ஒருத்தரோ ரெண்டு பேரோ எழுதுவாங்க, கீழ ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் குட்டியா இருக்கும், பேப்பரைச் சரிபார்க்கிற ரெஃப்ரி கையிலயே வருஷக்கணக்குல கிடக்கும், ஆனா பத்திரிகைங்களுக்குச் சைட்டேஷனை வெச்சு மார்க் போடுற இம்பாக்ட் ஃபேக்டர் முந்தின ரெண்டு வருஷ பேப்பரை மட்டும்தான் பார்க்கும். எப்படி ஒத்துப் போகும்? அதிகம் சைட் ஆகுறவங்க லிஸ்ட் போடுற கிளாரிவேட் கம்பெனியே 2023-ல கணிதத்தைத் தூக்கிட்டாங்க, சின்ன துறை, கொஞ்சம் பேர் பேசி வெச்சு ஏத்திவிட்டாலே நம்பர் எகிறிடுதுன்னு.

கேள்வியே கேட்கக் கூடாதுன்னு சொல்லல, அங்க பணம் கொடுக்கிற டிஏஇ, அதாவது மத்திய அரசோட அணுசக்தித் துறை, அதோட பணம் நம்ம பணம்தான், அங்க பிஎச்டி முடிச்ச பசங்க எங்க இருக்காங்க, பத்து வருஷத்துல எந்தக் கேள்வியை நகர்த்தினாங்கன்னு தாராளமா கேளுங்க. கேட்கற கையோட அந்தத் தனியார் யுனிவர்சிட்டிக்கும் ஒரு லெட்டர் தட்டுங்க, உங்க சைட்டேஷன்ல வெளியாள் போட்டது எத்தனை, உங்க ஸ்டாஃப் ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கிட்டது எத்தனைன்னு. பதில் வந்தா காப்பி அனுப்புங்க, இதே பக்கத்துல போடுறேன்.