தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

சொந்த ஊர் மதுரைப் பக்கம். எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். தாய்லாந்தோட வடகிழக்குல, கோன் கென் மாகாணத்து அரசுப் பள்ளியில 9 வருஷமா பாடம் எடுக்கிறேன். இன்னைக்கு ஞாயிறு, துணி துவைச்சுக் காயப்போட்டாச்சு. வந்த கேள்விகளை வரிசையா எடுத்துக்கிறேன்.

அக்கா, விளம்பரம் எல்லாத்துலயும் 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்'னு போட்டிருக்கு. நம்ம பாஸ்போர்ட்டுக்கு வழியே இல்லையா?

நாட்டைப் பொறுத்தது. தென் கொரியாவுல இங்கிலீஷ் டீச்சருக்குத் தர்ற ஈ-2 விசா பெரும்பாலும் ஏழு நாட்டுக்காரங்களுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தாய்லாந்துல அந்தக் கதவு சாத்தலை. டிகிரி வேணும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவங்க டோயிக்ங்கற இங்கிலீஷ் தேர்வுல 990க்கு 600 வாங்கணும். பிலிப்பைன்ஸ் டீச்சர் இல்லாத பள்ளியே அபூர்வம், அவ்வளவு பேர் இருக்காங்க.

ஆனா சம்பளத்துல பாகுபாடு உண்டு, மறைக்க மாட்டேன். முதல் பள்ளியில எனக்கு 22,000 பாட். எதிர் அறை வெள்ளைக்காரத் தம்பிக்கு 35,000. பிரசன்ட் பெர்ஃபெக்ட்டை எப்படி நடத்துறதுன்னு அவர் என்கிட்டதான் வந்து கேட்பார். வயிறு எரியத்தான் செஞ்சுது.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். 'டூரிஸ்ட்டா போயிடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்'னு சொல்றார். நம்பலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. வேலை செய்ய நான்-பி விசா வேணும், அதுக்கு மேல ஒர்க் பெர்மிட் வேணும். ரெண்டுமே பள்ளி தர்ற காகிதத்தை வச்சுத்தான் நகரும். நான் ஏமாந்த கதை இதுதான். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு வந்து மூணு வாரம் பெர்மிட் இல்லாமலே பாடம் எடுத்தேன். ஒருநாள் அதிகாரிங்க வர்றாங்கன்னு சொல்லி என்னை லைப்ரரியில அலமாரிக்குப் பின்னால உட்கார வச்சாங்க. ஒரு மணி நேரம், கையில சாக்பீஸோட. அந்த ஒரு மணி நேரத்தை நினைச்சா இன்னும் உடம்பு கூசுது. பள்ளியோட நேரடியாப் பேசுங்க, வீடியோவுல டெமோ கிளாஸ் எடுங்க, கான்ட்ராக்ட் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்க.

பி.எட். இருக்கு. செல்டாவும் பண்ணணுமா? 120 மணி நேர ஆன்லைன் கோர்ஸ் போதுமா?

செல்டாங்கறது இங்கிலீஷ் சொல்லித்தர்றவங்களுக்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ். அதுல குறைஞ்சது 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கணும், பின்னால உட்கார்ந்து ஒருத்தர் குறிப்பெடுப்பார். அந்தக் கோர்ஸுக்குக் கட்டுற காசு அதுக்குத்தான். ஆன்லைன் கோர்ஸ் பலதுல மாணவர்னு ஒரு உயிரே கண்ணுல படாது. உங்களுக்கு பி.எட். இருக்கிறதால முதல்ல வேலையைப் பிடிங்க. பி.எட். இல்லாதவங்களுக்குப் பள்ளியே குருசபாவுல 2 வருஷத் தற்காலிக அனுமதி வாங்கித் தரணும். குருசபாங்கறது இங்க ஆசிரியர் கவுன்சிலோட பேர். ஆமா, நம்ம 'குரு'வேதான்.

என் இங்கிலீஷ்ல தமிழ் வாடை அடிக்கும். பசங்க சிரிப்பாங்களா?

எனக்குப் பிடிச்ச கேள்வி. தாய்லாந்து மொழியில ஒரு சொல் ஸ, ல மாதிரி ஒலியில முடியாது. அதனால பஸ் 'பட்' ஆயிடும், ஃபுட்பால் 'ஃபுட்பான்' ஆயிடும். நாம என்ன பண்றோம்? 'பஸ்ஸு', 'ஃபுட்பாலு'. அவங்க வாலை வெட்டுறாங்க, நாம வாலை ஒட்டுறோம். என் வாலை நான் கஷ்டப்பட்டு அறுத்ததாலதான் அவங்க கஷ்டம் எனக்குப் புரியுது.

இங்க எல்லாப் பிள்ளைக்கும் ஒரு செல்லப்பேர் உண்டு: பேங்க், பீர், பென்ஸ், இப்படி. என் வகுப்புல 'ஐஸ்'னு ஒரு பொண்ணு. தன் பேரையே 'ஐ'ன்னுதான் சொல்லுவா. ஒருநாள் விதி போட்டேன்: நான் போர்டுலேர்ந்து கடைசி பெஞ்ச் வரைக்கும் நடந்து முடிக்கிற வரை 'ஸ்ஸ்ஸ்'ஸை யாரும் விடக்கூடாது. 45 பேர் சேர்ந்து சீறினாங்க. பக்கத்து அறை டீச்சர் பாம்பு புகுந்துடுச்சோன்னு ஓடி வந்துட்டாங்க. ஐஸுக்கு அன்னைக்குப் பேர் முழுசா வந்துது.

நீங்க திருத்திக்க வேண்டியது வேற. உதட்டுக்கு முன்னால ஒரு தாளைப் பிடிச்சுட்டு 'பென்'னு சொல்லுங்க. இங்கிலீஷ்காரர் சொன்னா தாள் ஆடும், நாம சொன்னா பெரும்பாலும் ஆடாது. தாய்லாந்து மொழியில காத்தோட வர்ற 'ப'வும் காத்து இல்லாத 'ப'வும் தனித்தனி எழுத்து, அதனால நம்ம பிசகு பசங்க காதுல உடனே விழும். வர்றதுக்கு முன்னால ஒரு மாசம் தாளோட பேசிப் பழகுங்க.

நான் யாழ்ப்பாணம் அக்கா. என்னட்ட ஆங்கில டிப்ளோமா மட்டும்தான் கிடக்கு. சரிவருமோ?

இப்போதைக்குச் சரிவராது. டிகிரியை முடிச்சிட்டு எழுதுங்க.

சார் ஒருத்தர், திருநெல்வேலி, 20 வருஷ அனுபவம்: அங்கே பையன்கள் ஃபெயில் ஆவார்களா?

0 போடலாம் சார். போட்டா 'சோப் சோம்'னு மறுதேர்வு. கேள்வித்தாளை நீங்களேதான் தயாரிக்கணும், அதுலயும் தேறலைன்னா இன்னொண்ணு. மூணாவது தடவை நீங்களே மனசு மாறிடுவீங்க.

தீபாவளிக்கு ஊருக்கு வர முடியுமா?

முதல் பருவம் மே நடுவுலேர்ந்து அக்டோபர் தொடக்கம் வரை, அடுத்தது நவம்பர்லேர்ந்து மார்ச் வரை. தீபாவளி அக்டோபர்ல விழுந்தா அதிர்ஷ்டம். ஆனா கிளம்புறதுக்கு முன்னால ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கிடுங்க. கூட வேலை பார்த்த ஒரு பொண்ணு அது இல்லாம ஊருக்குப் போனா, ஒரு வருஷ விசா அன்னைக்கே காலி. நாட்டுலயே இருந்தா 90 நாளைக்கு ஒருமுறை இமிகிரேஷன்ல விலாசம் சொல்லணும். கான்ட்ராக்ட் 10 மாசமா 12 மாசமான்னும் பாருங்க. 10 மாசம்னா ஏப்ரல்ல சம்பளம் கிடையாது, வீட்டு வாடகை உண்டு.

சைவம் அக்கா...

மஞ்சள் கொடியில 'ஜே'ன்னு எழுதியிருக்கிற கடை. மத்த இடத்துல கீரைப் பொரியல்ல கூட மீன் சாஸ் இருக்கும்.

டீச்சருக்கு அங்கே மரியாதை இருக்கா? அம்மா அதைத்தான் கேட்கிறாங்க.

அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க. ஜூன் மாசம், பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமை, 'வாய் க்ரு' நடக்கும். பிள்ளைங்க பூத்தட்டோட மண்டியிட்டு டீச்சரை வணங்குவாங்க. தட்டுல வெட்சிப்பூ, கத்தரிப்பூ, நெற்பொரி, அருகம்புல். கத்தரிப்பூ தலை கவிழ்ந்து பூக்குறதால அது பணிவுக்கு அடையாளமாம். புல்லு சட்டுனு படர்றதால படிப்பு வளர்றதுக்கு. முதல் வருஷம் அந்தத் தட்டை வாங்கினப்ப எனக்குப் பேச்சே வரலை. அருகம்புல்லை மட்டும் கிள்ளி ரூமுக்கு எடுத்துட்டுப் போய், சூட்கேஸ்ல கொண்டுவந்திருந்த பிள்ளையாருக்கு வச்சேன்.